சும்மா நிற்பவருக்குச் சம்பளம்

வாசகர் கடிதம்: துபாயில் வேலை பார்க்கிறேன். கீழக்கரையில் இருக்கும் என் உம்மாவுக்கு வயது 72. ஐந்து வாரத்துக்கு முன் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததில் இடது இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் அறுவை செய்து மூட்டின் பந்தை மாற்றினார்கள். இப்போது வாரம் இரண்டு நாள் ராமநாதபுரத்துக்குக் காரில் கூட்டிப்போய் பிசியோதெரபி. மற்ற நேரம் பார்த்துக்கொள்ள ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவை வைத்திருக்கிறோம். முன்பு கடலில் பாசி எடுத்தவர், நர்சிங் எதுவும் படித்தவர் இல்லை. கூடத்தில் கேமரா பொருத்தியிருக்கிறேன். போன வாரம் பார்த்தேன்: உம்மா நாற்காலியை விட்டு எழப் பார்த்து, இரண்டு தடவை முடியாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அந்த அக்கா பக்கத்தில் நின்று, உம்மாவின் இடுப்புக்குப் பின்னால் ஒரு கையைத் தொங்கவிட்டபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார், தூக்கிவிடவில்லை. ஆத்திரத்தில் கேமரா ஸ்பீக்கரிலேயே சத்தம் போட்டுவிட்டேன். பிசியோதெரபிக்குப் போய்வந்த மறுநாள் முழுக்க உம்மா வலி என்று படுத்தே கிடக்கிறார், அதற்கும் இவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆளை மாற்றலாமா? படித்த ஆளாக வைத்து, யூடியூப் பார்த்து வீட்டிலும் பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் நடப்பாரா? மாமி தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார், தேய்க்கலாமா?

தம்பி,

ஆளை மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். ‘இடுப்புக்குப் பின்னால் ஒரு கையைத் தொங்கவிட்டபடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேடிக்கை பார்க்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், இல்லையென்றால் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். உம்மா பின்னால் சாய்ந்தால் பிடிக்க ஒரு கை தயாராக இருந்திருக்கிறது, ஆனால் தொடவில்லை. எங்கள் பிசியோதெரபி படிப்பில் இதைச் சொல்லிக் கொடுத்து, மாணவர்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்போம். அப்படியும் பாதிப் பேர் நோயாளி ஒரு தடவை தடுமாறியதுமே தூக்கிவிடுவார்கள். கேமராவைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். அந்த அக்கா உம்மாவின் இடது பக்கம், அதாவது அறுவை செய்த பக்கம், அரை அடி பின்தள்ளி நின்றிருந்தால் அவருக்கு வேலை தெரியும். வலது பக்கம் நின்றிருந்தால் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

பாசி எடுத்தவர் என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஊர் மண்டபம் பக்கம். என் சித்தி பாசிக்குப் போனவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், காலுக்கடியில் பாறை எங்கே வழுக்கும் என்று பார்த்தபடி, அலை வரும்போது உடம்பை எப்படிச் சாய்ப்பது என்று பத்து வயதிலிருந்தே பழகினவர்கள் அவர்கள். ஒரு ஆள் எந்த நொடியில் நிலை தவறுவார் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும். நர்சிங் படித்தவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும், சிறுநீர்க் குழாய் இருக்கிறது என்றால் படித்த ஆள் கட்டாயம் வேண்டும். உம்மாவுக்கு இப்போது அந்த நிலை இல்லை என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது.

சத்தம் போட்டீர்களே, அதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாதி எழுந்த நிலையில் இருக்கிற 72 வயது அம்மாவுக்குப் பின்னாலிருந்து திடீரென ஒரு குரல் கேட்டால் தலை திரும்பும். தலை திரும்பினால் உடம்பும் திரும்பும், அறுவை செய்த காலை ஊன்றியபடி உடம்பு திரும்புவது ஆகாது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் ஆபத்தாக இருந்தது ஸ்பீக்கர்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை அணைத்துவிடுங்கள். படம் மட்டும் வந்தால் போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம். முக்கால் மணி நேரமாக இரண்டு அமர்வு என்றால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். மீதி 166 சொச்சம் மணி நேரமும் உம்மா வீட்டில்தான் இருக்கிறார். அந்த ஒன்றரை மணியில் பிசியோதெரபிஸ்ட் செய்வது பெரும்பாலும் பார்ப்பதும் சொல்லிக் கொடுப்பதும்தான். தசை வலுப்பெறுவது வீட்டில், நாற்காலியிலிருந்து எழுகிற ஒவ்வொரு தடவையும்தான். வயதானவர்கள் படுத்துவிட்டால் அது போகிற வேகம் உங்களுக்குத் தெரியாது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வந்தது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. எலும்பு முறிந்து அறுவையும் ஆனவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சம்பளம் கொடுக்கிற நமக்கு, ஆள் சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் செய்து கொடுத்தால்தான் திருப்தி. தூக்கி உட்கார வைத்து, ஊட்டிவிட்டு, கால் பிடித்துவிட்டால் ‘நல்ல ஆள்’. பக்கத்தில் நின்று ‘நீங்களே எந்திரிங்க’ என்றால் ‘சோம்பேறி’. இது வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். அதனால் வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் தூக்குவார்கள். மூன்று மாதத்தில் பாட்டி எழ முடியாமல் ஆகிவிடுவார், ஆனால் வீட்டில் எல்லோரும் அந்த ஆளைப் புகழ்வார்கள். இருபது வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சம்பளம் கொடுப்பது தூக்குவதற்கு இல்லை, பக்கத்தில் பொறுமையாக நிற்பதற்கு. அவரிடம் இதை உங்கள் வாயால் சொல்லுங்கள். இல்லையென்றால், நீங்கள் சத்தம் போட்ட நாளிலிருந்து அவர் தூக்க ஆரம்பித்திருப்பார்.

தூக்கும்போது நாம் எதைப் பிடிக்கிறோம்? கையை. இல்லையென்றால் அக்குளை. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் படிப்பு முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஒருநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில், செயலிழந்த கையையே பிடித்து இழுத்துக் கட்டிலிலிருந்து எழுப்பினேன். தோள் மூட்டு அப்போதே தளர்ந்துதான் இருந்தது, என் இழுப்பில் இன்னும் இறங்கிவிட்டது. நடை திரும்பிய பிறகும் அந்தத் தோள் வலி மாதக்கணக்கில் போகவில்லை. படகில் துடுப்புப் போட்ட கை அது. அன்றிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, பார்த்துக்கொள்கிறவர் எங்கே கை வைக்கிறார் என்பதைத்தான். கை வைக்கிற இடம் இடுப்பு. இடுப்பில் கட்டுகிற அகலப் பட்டை ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும், உம்மாவுக்கு வாங்கிவிடுங்கள். பிடி அதில் இருக்கும், கை தோளுக்குப் போகாது.

எழுகிற முறையைச் சொல்கிறேன். அந்த அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உம்மா முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர வேண்டும். இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொள்ள வேண்டும், வலது கால் நாற்காலிக்கு ஒட்டி இருக்கலாம். இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றித் தள்ளி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, வாக்கர் அப்படியே அவர் மேலேயே சாயும். எழுந்து நின்றதும் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிவிட்டு அப்புறம்தான் முதல் அடி. காலையில் படுக்கையை விட்டு எழும்போது இது இன்னும் முக்கியம், கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். இரண்டு தடவை முயன்றும் முடியவில்லை என்றால் கொஞ்சம் ஓய்வு, மூன்றாவது தடவை இடுப்புப் பட்டையைப் பிடித்து லேசான உதவி. அன்றைக்கு அந்த அக்கா மூன்றாவது தடவை என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் சத்தம் போட்டுவிட்டீர்கள் போல.

சரி, அவர் பக்கம் தப்பே இல்லையா? இருக்கிறது. மறுநாள் முழுக்கப் படுக்க விட்டாரே, அதுதான். அதற்கும் அவரை மட்டும் சொல்ல முடியாது. காரில் உம்மாவோடு ராமநாதபுரம் போவது யார்? உங்கள் லாத்தாவோ (உடன்பிறந்த அக்கா) அவர் மகனோ போவார்கள், அந்த அக்கா சமையலுக்கு வீட்டில் இருப்பார். அங்கே சொல்லிக் கொடுத்தது இவர் காதுக்கு வந்து சேரும்போது ‘நடக்கச் சொன்னாங்க’ என்று இரண்டே வார்த்தையாக வரும். அடுத்த அமர்விலிருந்து அந்த அக்காதான் போக வேண்டும். போய் உட்கார்ந்து பார்த்தால் போதாது, பிசியோதெரபிஸ்ட் முன்னாலேயே உம்மாவை எழுப்பி, நடத்தி, படியேற்றிக் காட்ட வேண்டும். தப்பாகச் செய்தால் அவர் அங்கேயே திருத்துவார். உம்மா செய்வதை அவருடைய அனுமதியோடு லாத்தாவின் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் யூடியூப். மற்ற யூடியூப்பைத் தொடாதீர்கள். முழங்காலை நெஞ்சு வரை இழுப்பது, கால்மேல் கால் போடுவது, குந்தி எழுவது எல்லாம் அதில் வரும். பந்து மாற்றிய இடுப்புக்கு இந்த ஆரம்ப வாரங்களில் செய்யக் கூடாதவை என்று நாங்கள் சொல்கிற பட்டியல் கிட்டத்தட்ட இதேதான்.

மறுநாள் வலிக்குத் திரும்புவோம். தசை வேலை செய்தால் வலிக்கும், அந்த வலியில் ஓய்வெடுக்கலாம், ஆனால் நாள் முழுக்க இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை நடப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் கொடுத்துப் பாருங்கள். ஒரேயடியாகக் கால் மணி நடப்பதற்குப் பதில் மணிக்கு ஒரு தடவை எழுந்து கூடத்திலிருந்து தலைவாசல் வரை போய்வந்தால் போதும். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம், புண் நனையக் கூடாது. படுத்திருக்கும் நேரத்திலும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கட்டும், ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும். இரண்டாம் நாளும் வலி குறையாமல் கூடினால் பயிற்சியைப் பாதியாக்கிவிட்டு பிசியோதெரபிஸ்டுக்குப் போன் செய்ய வேண்டும். ‘வலிச்சா படுத்துக்கோங்க’ என்பதும் தப்பு, ‘வலிச்சாலும் விடாதீங்க’ என்பதும் தப்பு. இரண்டையும் சொல்கிற சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

எத்தனை தடவை எழுந்தார் என்பதற்குக் கணக்கு வேண்டும். நோட்டு போட்டு எழுதச் சொன்னால் இரண்டு நாளுக்கு மேல் யாரும் எழுதுவதில்லை. பெரியபட்டினத்தில் ஒரு வீட்டில் பார்த்த வழியைச் சொல்கிறேன். இரண்டு கிண்ணம், பன்னிரண்டு சோழி. எழுந்து நின்று உட்கார்ந்தால் ஒரு சோழி இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. மஃரிப் தொழுகைக்குள், அதாவது பொழுது சாய்வதற்குள், இந்தக் கிண்ணம் காலியாக வேண்டும். அந்த வீட்டுப் பாட்டி, பார்க்க ஆள் இல்லாத நேரத்தில் நான்கைந்தைக் கள்ளத்தனமாக மாற்றிப் போட்டுவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனாலும் நோட்டைவிட அது நன்றாக வேலை செய்தது. பன்னிரண்டு என்பதும் அந்தப் பாட்டிக்குச் சொன்ன எண். உம்மாவுக்கு எத்தனை என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யவிட வேண்டும் என்று இவ்வளவு சொல்லிவிட்டேன். செய்தே கொடுக்க வேண்டியவையும் உண்டு. உம்மா இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, குனிந்து பாதத்தைத் தொடக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. அறுவைக்கு எந்தப் பக்கம் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், எத்தனை வாரம் என்பதையும் அறுவை செய்த டாக்டரே சொல்ல வேண்டும். சொல்லும் வரை கடைப்பிடிப்பது நல்லது. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது பாதம் கழுவக் குனிய முடியாது என்பதால், உம்மா உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கையும் முகமும் தானே கழுவட்டும், பாதத்துக்கு அந்த அக்கா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். தொழுகை நாற்காலியில்தான். ருகூவுக்கும் (குனிவது) சுஜூதுக்கும் (நெற்றி தரையில் படப் பணிவது) தலையை லேசாகத் தாழ்த்தினால் போதும், இடுப்பு மடிய வேண்டாம். கீழே விழுந்த பொருளை எடுப்பது, செருப்பு மாட்டுவது, பாவாடை போடும்போது இடது காலை முதலில் நுழைத்துவிடுவது, இதெல்லாம் அந்த அக்காவின் வேலை. பாயில் உட்கார்ந்து சஹனில், அதாவது பெரிய தட்டில் சேர்ந்து, சாப்பிடும் பழக்கத்தை இப்போதைக்கு நிறுத்திவிட்டு மேசைக்கு மாறச் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றி. கீழக்கரைப் பழைய வீடுகளில் அறைக்கு அறை நிலைப்படி இருக்கும். ஏறும்போது வாக்கர், அப்புறம் நல்ல கால் (வலது), அப்புறம் இடது. இறங்கும்போது வாக்கர், இடது, அப்புறம் வலது. தலைவாசலில் மணல் வரும் வீடு என்றால் வாக்கரின் ரப்பர் அடியை தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மணல் ஒட்டிய ரப்பர் மொசைக் தரையில் சறுக்கும். நம் ஊர் உப்புக் காற்றில் உயரம் மாற்றுகிற பொத்தான் துருப்பிடித்து இறுகிவிடும், அதையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கையைத் தொங்கவிட்டு நேராக நின்றால் வாக்கரின் பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். ராத்திரி பாத்ரூமுக்குப் போகிற வழியில் விளக்கு எரியட்டும், தரைவிரிப்பை எல்லாம் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள். வெஸ்டர்ன் கக்கூஸ் என்றாலும் மேலே உயரம் கூட்டுகிற சீட் வேண்டும். உம்மா திரும்ப ஒருமுறை விழாமல் இருப்பது எந்தப் பயிற்சியைவிடவும் பெரிது.

எண்ணெய். தையல் போட்ட இடத்திலும் அதைச் சுற்றியும் வேண்டவே வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தால் அந்தக் காலில் கையே வைக்கக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போக வாய்ப்புண்டு. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மாமியின் மனசு நோகாமல் இருக்க வலது காலிலும் முதுகிலும் லேசாகத் தடவச் சொல்லுங்கள், ஆனால் பாதத்தில் எண்ணெய் வழுக்கலோடு உம்மாவை எழவிடக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணிப் பேச்சுக் குழறுவது, இடது கால் குட்டையாகித் திரும்பிப் போய் ஊன்றவே முடியாமல் ஆவது, இவற்றில் எது வந்தாலும் உங்களுக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைக்கும்படி அந்த அக்காவிடம் சொல்லி வையுங்கள். காய்ச்சலோ, புண்ணில் சீழோ என்றால் அன்றே டாக்டர்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கஞ்சியில்தான் ஓட்டுகிறார் என்று நினைக்கிறேன், விழுந்த பாட்டிகள் எல்லோரும் கஞ்சிதான். கஞ்சியில் தசை வளராது. இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 55 கிலோ என்றால் நாளைக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20. கடல் இருக்கும் ஊரில் இது பெரிய காரியமா? சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மீன் ஆய அரிவாள்மனையில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதற்கும் ஆசைப்படுவார். அடுப்பு மேடை அருகே வாக்கரோடு ஐந்து நிமிடம் நின்று குழம்புக்கு உப்பு பார்த்தால் அதுவும் பயிற்சிதான்.

அந்த அக்காவுக்கு வாரம் ஒருநாள் விடுப்பு கொடுங்கள், அன்றைக்கு லாத்தா நிற்கட்டும். லாத்தாவும் இதே முறையைப் பழக வேண்டும். ஆறு நாள் உம்மாவை எழ வைத்து, ஏழாம் நாள் மகள் பாசத்தில் தூக்கிவிட்டால் எட்டாம் நாள் அந்த அக்காவின் பேச்சை உம்மா கேட்கமாட்டார். கார் கிடைக்காத வாரம் வந்தால், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், 2021-லிருந்து நடக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அங்கிருந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்துக்கு வீடியோ காலில் வாருங்கள். போனை ஆள் உயரத்தில் ஓர் அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள், மடியில் வைத்தால் உம்மா உட்கார்ந்தே பேசுவார். வாக்கரைப் பிடித்து நின்றபடி மகனோடு ஐந்து நிமிடம் பேசுவதை வலி என்று சொல்லி எந்த உம்மாவும் தட்டிக்கழிப்பதில்லை. முதல் வீடியோ காலில், உம்மாவிடம் பேசும் முன், அந்த அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். போன வாரம் போட்ட சத்தத்துக்கு.

அப்புறம் அந்த நாற்காலி. இரண்டு தடவையும் எழ முடியாமல் போனதற்கு அதன் உயரமே காரணமாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். உட்கார்ந்திருக்கும்போது உம்மாவின் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் இன்றே ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடி வைத்த மர நாற்காலியில் கெட்டியான மெத்தை போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து உட்காரும் இடம் வரை எத்தனை அங்குலம், உம்மாவின் முழங்கால் மடிப்பு எத்தனை அங்குலம் என்று லாத்தாவை அளக்கச் சொல்லி, இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.